விமானி உடைக்க வேண்டிய ரொட்டி

விமானத்திலிருந்து இறங்கியதும் ஹம்தம் முதல் வேலையாகச் சக்கரத்தருகே குனிந்து காறித் துப்பினான். எவ்வளவு துப்பினாலும் போகாத நாற்றம். அழுகிய பூண்டில் மண்ணெண்ணெயை ஊற்றியது மாதிரி. பருத்தி இலைகளை உதிர்க்க அவன் தெளிக்கும் மருந்து அது. அந்த உஸ்பெக் கூட்டுப்பண்ணையின் இரண்டடுக்கு இறக்கை விமானம் அவனைவிட மூத்த கிழம். அதன் துணி இறக்கையிலும் அதே நாற்றம், வீட்டில் அவன் தலையணையிலும் அதே நாற்றம். மனைவி தனியாகப் படுக்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது.

இன்று வயல்கோடியில் திரும்பும்போது மருந்துக் குழாயை மூடத் தாமதித்துவிட்டான். நாலே நொடி. கீழே மல்பெரி மரத்தடியில் சாப்பாட்டு விரிப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் மருந்து புகைபோல இறங்கியதும் தெரிந்தது. பெண்கள் அப்போது பக்கத்து வயலில் பஞ்செடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்த விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரே நாறுகிற மாதத்தில் ரொட்டி நாறுவது யாருக்கு உறைக்கும்?

"வாங்க தம்பி. நீங்க உடைச்சாத்தான் நாங்க கைய வைக்க முடியும்" என்றாள் குழுத்தலைவி மஸ்தூரா அக்கா. விமானி வந்த நாளில் முதல் ரொட்டி அவன் கையால் உடைய வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

வட்ட ரொட்டி கையில் பிசுபிசுத்தது.

"என்னடி, புது மாப்பிள்ளை மாதிரி முழிக்கிறாரு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சொல்லிவிடலாம். சொன்னால் உரிமம் போய்விடும். 'இன்னொரு புகார் வந்துச்சு, அப்புறம் நீ கழுதைதான் ஓட்டணும்' என்று போன வாரம்தான் பண்ணைத் தலைவர் சொல்லியிருந்தார். வேலைக்குப் பயந்து, பதினைந்து பேர் வயிற்றில் விஷம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

ரொட்டியைப் புழுதியில் வீசினான். விரிப்பையும் பிடித்து இழுத்து மிச்சத்தைக் கொட்டினான்.

"வேகவே இல்ல. நாய்கூடத் திங்காது இத!"

சிரிப்பு நின்றது. ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதையே பாவமென்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. மஸ்தூரா அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ரொட்டியை எடுத்தாள். புழுதியை ஊதினாள். முத்தமிட்டு நெற்றியில் ஒற்றினாள், மூன்று முறை. மற்றவர்களும் ஆளுக்கொன்றாகப் பொறுக்கி, அவளைப் போலவே உதட்டில் வைத்தார்கள்.

"அக்கா..." என்றான் ஹம்தம்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. "நம்ம வீட்டுப் புள்ளதான், ஏதோ கோவத்துல எறிஞ்சிருச்சு, மன்னிச்சிரு" என்று ரொட்டியிடம் சொல்லிவிட்டு, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.