வால்வு பாஸ்

2024 ஜூலை ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து, அலுவிகாரையில் மிளகு உலர்த்தும் ஆலையைச் சுற்றி நூறு மீற்றர் தூரத்துக்கு எந்த நெருப்பும் பற்றவில்லை. தீக்குச்சியை உரசினால் சத்தம் வந்தது, மருந்து உதிர்ந்தது, அவ்வளவுதான். ஆலைக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் மூன்று பெட்டி தீக்குச்சியை முடித்துவிட்டு, பெட்டி செய்தவனின் பரம்பரையையே திட்டினார். பிள்ளையார் கோயில் ஐயர் கற்பூரத் தட்டோடு பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, கடைசியில் டோர்ச் லைட் அடித்துத் தீபாராதனை காட்டினார்; பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய பாதையில் போன பஸ்கள் மட்டும் வழக்கம்போலப் போயின. இஞ்சினுக்குள் எரிவது இந்தக் கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது. எல்லை எதுவென்பதைப் பின்னேரத்துக்குள் எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தில் மூன்றாவது வீட்டின் முன்பக்கத்தில் அடுப்பு பற்றாது, அதே வீட்டின் பின்வளவில் பற்றும். அந்த ஒரு கிழமையும் சந்து முழுவதும் சட்டி பானையோடு அந்தப் பின்வளவில்தான் வரிசையில் நின்றது.

ஒன்பது பத்துக்கு அந்த வட்டாரத்தில் நடந்த ஒரே காரியம் இதுதான்: ஆலையின் கேஸ் வேலைகளைப் பார்க்கும் நூருன்னிஸா, உலர்த்திக்குப் போகும் கேஸ் குழாயின் கைத்திருகை மூடி, அதில் சிவப்புப் பூட்டொன்றைப் போட்டு, தன் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மாத்தளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், முப்பத்தாறு வயது, யாருக்கும் குரலை உயர்த்தாதவள். குரலை உயர்த்தாதவர்களின் பிடிவாதத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது ஒரு சொல்லால். உலர்த்தியின் பர்னருக்கு முன்னால் ஒரு வால்வு இருக்கிறது. மின்சாரம் வந்தால் திறக்க வேண்டும், நின்றால் தானாகவே இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடிய பிறகும் கேஸ் அந்தப் பக்கம் நழுவிப் போனால், ‘வால்வு பாஸ் ஆகுது’ என்பார்கள் இந்தத் தொழிலில் உள்ளவர்கள். தமிழில் சொன்னாலும் சிங்களத்தில் சொன்னாலும் அவர்களுக்கு அது கெட்ட செய்தி. ஜூன் இருபத்தைந்தாம் திகதி நூருன்னிஸா சோதனைப் புத்தகத்தில் ‘வால்வு பாஸ்’ என்று எழுதினாள். கசிவு அப்போது அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, புதிய வால்வுக்கு ஓடர் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினாள். முகாமையாளர் தியாகராஜா கல்வி அலுவலகத்தில் முப்பது வருஷம் பரீட்சை முடிவுகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். தன் வாழ்நாளில் கெட்ட பாஸ் ஒன்றை அவர் சந்தித்ததே இல்லை. சிவப்பு மையால் ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். அடுத்த கிழமை அவள் ‘வால்வு பாஸ் கூடியிருக்கு’ என்று எழுதினாள். அவர் ‘மிக நன்று’ என்று எழுதினார்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவள் பர்னரை நிறுத்தி, வால்வுக்கு அப்பால் இருக்கும் சோதனை முனையில் ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுநுனியைத் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் ஸஹாப்தீனின் தேநீர்க் கிளாஸில் இருந்தது. கிளாஸைத் திருப்பி வாங்க வந்த ஸஹாப்தீன் பக்கத்தில் குந்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒரு நிமிஷத்தில் நாற்பத்தொரு குமிழ். தயாரித்தவர்களின் புத்தகம் பொறுத்துக்கொள்வதைவிடப் பல மடங்கு. வால்வின் உடம்பில் சுத்தியலால் தட்டிய தழும்புகளும் இருந்தன. தட்டினால் சரியாகிவிடும் என்று அவளுக்கு முன்னால் இருந்தவன் யாரோ நம்பியிருக்கிறான். அவள் புதிய வால்வு எங்கே என்று கேட்கப் போனபோதுதான் ‘நன்று’களைப் பார்த்தாள். வால்வுக்கு யாருமே ஓடர் சொல்லியிருக்கவில்லை.

“பிள்ளை, ரெண்டு கிழமையா பாஸ் எண்டு எழுதினது நீர்தானே?” என்றார் தியாகராஜா.

“அந்த பாஸ் இல்ல சேர். மூடியிருக்கிறப்பவே கேஸ் போகுது. எழுத்துல விளங்காம எழுதினது என்ட பிழை. அதை ஒத்துக்கிறேன். பர்னரைப் பத்தவைக்க மட்டும் ஒத்துக்கமாட்டேன்.”

அவள் ஒத்துக்கொள்ளாததற்குப் பதினொரு காரணங்கள் இருந்தன. உலர்த்திக்குப் பக்கத்து மண்டபத்தில் அஜந்தாவும் இன்னும் பத்துப் பெண்களும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நல்ல மிளகைத் தெரிந்தெடுப்பார்கள். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்துபோய் அவர்களின் மடி உயரத்துக்குத்தான் தேங்கும். பிறகு ஒரு பொறி போதும். நூருன்னிஸா இதை எல்லாம் கணக்காகச் சொன்னாள். தியாகராஜாவோ, ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கிய மூடுபனியில் பூஞ்சணம் பிடிக்கப் பார்க்கும் எட்டுத் தொன் பச்சை மிளகைப் பற்றியும், கொழும்பிலிருந்து மணிக்கு ஒரு தடவை அழைக்கும் முதலாளியைப் பற்றியும் சொன்னார். பூட்டு அப்படியே இருந்தது.

புதன்கிழமை சந்துக்காரர்கள் ஆலை வாசலில் கூடினார்கள். பூட்டுக்கும் நெருப்புக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று யாரும் விவாதிக்கவில்லை. அதில் எல்லாரும் ஒரே முடிவாக இருந்தார்கள். பூட்டைக் கழற்றச் சொல்லத்தான் வந்தார்கள். முன்னால் நின்றவர் ஸஹாப்தீன்.

“தங்கச்சி, ரெண்டு நாளா ஒரு பிளேன்டீ ஊத்த ஏலா. அந்தப் பூட்டைக் கழட்டிப் போடு.”

“ஸஹாப்தீன் நானா, உங்க கிளாஸ்ல நேத்து எத்தனை எண்ணினீங்க?”

ஸஹாப்தீன் கூட்டத்தைப் பார்த்தார், கிளாஸைக் கழுவிய தன் கையைப் பார்த்தார். “நாப்பத்தொண்டு” என்று முணுமுணுத்தார். பிறகு எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னவரும் அவர்தான். கடையில் மின்சாரக் கேத்தல் ஒன்றை வைத்து, பால் திரிந்தாலும் பரவாயில்லை என்று ஊற்றத் தொடங்கினார்.

அன்று பின்னேரம் அவளுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. கட்டளையை மீறியதற்காக என்று எழுதி, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல் தியாகராஜா கையொப்பமிட்டிருந்தார். அவள் நின்றபடியே வாசித்தாள். “வேலை உங்கட சேர், எடுத்துக்கங்க. பூட்டு என்ட” என்றாள். மறுநாள் காலை அதே பஸ்ஸில் வந்து, வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். வேலை இல்லாதவள் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று காவலாளியும் விட்டுவிட்டான். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இனி மாதம் எப்படிப் போகும் என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். எழுந்துபோக மட்டும் கால் வரவில்லை.

வியாழன் பத்து மணிக்குத் தியாகராஜா ஒருவனைக் கூட்டிவந்து இரும்பு வாளால் பூட்டை அறுக்க வைத்தார். கைத்திருகைத் திறந்து பர்னரின் பொத்தானை அழுத்தினார். பொறி பறந்தது, கண்ணாடித் துவாரத்தில் நீலமாகத் தெரிந்தது, ஆனால் சுடர் வரவில்லை. பற்றாத கேஸ் மட்டும் வந்தது. இயந்திரம் தானே நின்றுகொண்டது. அவர் மீண்டும் அழுத்தினார். ஏழு தடவை அழுத்தினார். அஜந்தாதான் முதலில் மூக்கைப் பொத்தினாள். வாசலில் இருந்த நூருன்னிஸா அதைப் பார்த்துவிட்டு, காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிக் கைத்திருகை மூடினாள்.

“ஒருத்தரும் சுவிச்சில கை வைக்காதீங்க. போட்டதை நிப்பாட்டவும் வேணாம், நிப்பாட்டினதைப் போடவும் வேணாம். ஃபோனை எடுக்காதீங்க. அஜந்தா, எல்லாரையும் கூட்டிக்கிட்டு நடந்து போங்க. ஓடாதீங்க.”

பதினொரு பெண்களும் கணுக்கால் வரை ஏறியிருந்த அந்த நாற்றத்துக்குள் நடந்து வெளியே வந்தார்கள். அவள் தரையோடு இருந்த பெரிய கதவுகளை மலர்த்திவிட்டுக் கடைசியாக வந்தாள். தியாகராஜா வெளி முற்றத்தில் கிடந்த மிளகுச் சாக்கொன்றில் உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக்குள் இருந்த கேஸ் எவ்வளவு, ஏழு பொறி என்றால் என்ன என்பதை அவர் தனக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

“அது பத்தியிருந்தால், பிள்ளை?”

“பத்தல்ல சேர். நான் பூட்டினது ஒரு குழாயைத்தான். மிச்சத்தை நெருப்பே பூட்டிக்கிட்டிச்சு. அதுக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கல்லயே.”

தியாகராஜா ஃபோனை எடுத்தார். அங்கேயே இருந்து கொழும்புக்குப் பேசினார். முதலாளி ஏதோ கத்தியது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. “எட்டுத் தொன் மிளகு திரும்ப விளையும் சேர்” என்று சொல்லிவிட்டு வைத்தார். நூருன்னிஸா மாத்தளைக் கடைத்தெருவில் முன்னதைவிடப் பெரிய பூட்டொன்றை வாங்கி வந்து போட்டாள். மறுபடி அதை அறுக்க யாரும் வரவில்லை. மிளகில் பாதி பூஞ்சணம் பிடித்துப்போனது.

வால்வு திங்கட்கிழமை வந்தது. பழையதைக் கழற்றியபோது வாய்க்குள் துருச்செதில் ஒன்று நகத்துண்டளவு ஒட்டிக்கொண்டிருந்தது. வால்வுக்கு முன்னால் துருவைத் தடுக்க இருக்க வேண்டிய வடியை யாரோ எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். பழையதைச் சுரண்டித் திரும்பப் போடலாமே என்று அன்று பூட்டை அறுத்தவன் கேட்டான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் போய்விட்டான். புதிய வால்வு, புதிய வடி, மூட்டுகளில் சவர்க்கார நுரை, பிறகு ஸஹாப்தீனின் அதே கிளாஸ். தியாகராஜா பரீட்சை மண்டபத்தில் நிற்பவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அதைப் பார்த்தார். ஒரு குமிழும் வரவில்லை. “இதுக்கு என்ன எழுதுறது?” என்று கேட்டார். “மூடினால் மூடுது” என்று அவளே எழுதினாள். ‘பாஸ்’ என்ற சொல்லை அவர் அன்றைக்கே ஆலையில் தடை செய்தார்.

ஜூலை பதினாறாம் திகதி காலை பதினொன்று இருபதுக்கு அவள் பூட்டைத் திறந்தாள். பர்னர் முதல் பொறியிலேயே பற்றியது. தியாகராஜா வேலைநீக்கக் கடிதத்தை அவளிடம் கேட்டு வாங்கி, தெருவைக் கடந்துபோய் ஸஹாப்தீனிடம் கொடுத்தார். அவர் அதைச் சுருட்டிப் பற்றவைத்து அடுப்பை மூட்டினார். நல்ல கனமான தாள், நன்றாக எரிந்தது.

இப்போதும் அந்தச் சந்தில் எப்போதாவது தீக்குச்சி பற்றாமல் போகும். யாரும் பெட்டியைத் திட்டுவதில்லை, இன்னொரு குச்சியை உரசுவதும் இல்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவைத் திறந்துவைத்து, முற்றத்தில் நின்று அவளை அழைப்பார்கள். “தங்கச்சி, எங்கயோ பாஸ் ஆகுது.” அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு போவாள். இதுவரை ஒரு தடவையும் சும்மா திரும்பியதில்லை.