டாங்கில் இருந்த நீலம்

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அத்தான் பட்டறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"உன்னை நம்பி வண்டியைக் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்!"

காத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஏழு வருடமாகத் தனி ஆளாக மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தி, பொம்பளைக்கு எதுக்கு ஸ்பானர் என்று கேட்டவர்களையெல்லாம் வாடிக்கையாக்கியவள் அவள். இன்று அவர்கள் எதிரிலேயே மானம் போனது.

முந்தின நாள் அக்கா அந்த வண்டியில் வேலைக்குப் போகும்போது நாற்சந்தி நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் இடித்ததில் அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதமாகவே வண்டி திணறிக்கொண்டுதான் இருந்தது. பிளக்கில் சாம்பல் படிவதைப் பார்த்து, பெட்ரோல் எங்கே போடுகிறீர்கள் என்று அத்தானிடம் இரண்டு தடவை கேட்டாள். எப்போதும் போடும் பங்க்தான் என்றார். நம்பி, புது பிளக் மாட்டிக் கொடுத்தாள். அக்கா விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு பிளக் மாத்தத் தெரியல. உனக்கெல்லாம் பட்டறை!"

அவள் ஸ்பானரை எடுத்தாள். பிளக்கைக் கழற்றினாள். நுனியில் கடுகு கடுகாக ஈயம் ஒட்டியிருந்தது. டாங்கின் குழாயை உருவிக் கண்ணாடி பாட்டிலில் பிடித்தாள். இளநீலம். எந்த பங்க்கிலும் அவள் பார்க்காத நிறம்.

அத்தானுக்கு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலை. தினமும் காலையில் குட்டி விமானங்களின் இறக்கைக்குள் இருக்கும் டாங்கிலிருந்து கொஞ்சம் எரிபொருளை வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார். வடித்ததைக் கழிவு டிரம்மில் கொட்ட வேண்டும்.

"டிரம்முக்குப் போகலையா இது?"

அத்தானின் குரல் இறங்கியது. "வீணாப் போறதுதானே. பிளேனுக்கே போடுறது, பைக்குக்கு ஆகாதா? நல்லா பிக்கப் கிடைக்கும்னு..."

"கிடைச்சுதே! வண்டிதான் பறக்கல, அக்கா பறந்து போய் விழுந்தா!" பாட்டிலை மேஜைமேல் ஓங்கி வைத்தாள். "இதுல ஈயம் இருக்கு. நம்ம வண்டி பிளக்கை அடைச்சிடும். ரெண்டு தடவை கேட்டேனே, அத்தான். வாய் கூசாமப் பொய் சொன்னீங்களே!"

"எல்லார் முன்னாடியும் எதுக்கு..."

"நீங்க எல்லார் முன்னாடியும்தானே கத்துனீங்க? அக்காவுக்கு ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மென்று விழுங்கி, அத்தான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"நேத்துலேருந்து அவளைத்தானே திட்டிக்கிட்டிருக்கேன்," என்றாள் அக்கா. "பாவி, நீங்களும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தீங்களே! அவகிட்ட ஃபோனைக் கொடுங்க."

அவள் வாங்கவில்லை. அக்காவும் தன்னைச் சந்தேகப்பட்டது வேறு இப்போது உறுத்தியது. "சாயங்காலம் நேர்ல வரேன்னு சொல்லுங்க."

டாங்கைக் கழற்றிக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புது பிளக் போட மூன்று மணி நேரமாயிற்று. அத்தான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஓர் உதையில் எஞ்சின் சீராக உறுமியது. அத்தான் எழுந்து கையை நீட்டினார்.

சாவியை அவள் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இது அக்காவோட வண்டி. அக்காகிட்டயே கொடுத்துக்கறேன். நீங்க பஸ்ல போங்க."