பற்றரி இல்லாமல் பறந்த கதிரை

இருபத்தொரு வயதில், முள்ளிவாய்க்காலில், பங்கர் வாசலில் விழுந்த செல் குண்டின் துண்டொன்று நிசாந்தினியின் முதுகெலும்பில் பாய்ந்தது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வட்டுவாகல் வரை நடந்தவன் அண்ணன் கோகுலன். பிறகு செட்டிகுளம் முகாமிலும், வவுனியா ஆஸ்பத்திரியிலும், கடைசியில் பூவரசங்குளத்தில் கட்டிய வீட்டுத்திட்ட வீட்டிலும் அவளைத் தூக்கியவன், இறக்கியவன், தள்ளியவன் எல்லாம் அவன்தான். அவளுக்கு இப்போது முப்பத்தேழு வயது.

வீட்டு வாசலில் மூன்று படி. படிக்கு அப்பால் மணல். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த இரும்புச் சக்கர நாற்காலி, சீமெந்துத் தரையில் மட்டும் அவள் சொல் கேட்கும். மணலில் இறங்கினால் முன் சக்கரம் புதைந்துவிடும். அதனால் அறைக்கும் விறாந்தைக்கும் இடையில் அவள் உலகம் முடிந்தது. தள்ளுகிறவர்கள் எந்தப் பக்கம் பார்க்க நிறுத்துகிறார்களோ அந்தப் பக்கம்தான் அவள் பார்க்கலாம்.

ஒருநாள் எல்லோரும் செட்டிகுளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். அவள் குசினிக்குப் போகும்போது சக்கரம் நிலையின் இடுக்கில் சிக்கிக்கொண்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. பாதி அறையிலும் பாதி குசினியிலுமாக நான்கு மணித்தியாலம் இருந்தாள். அடுப்புத் தட்டில் இருந்த தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்டாத தூரத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. அண்ணி ஞானேஸ்வரி வந்து விடுவித்தபோது, இப்போதுதான் சிக்கியது என்று பொய் சொன்னாள். உண்மையைச் சொன்னால் அடுத்த முறை யாராவது ஒருவர் தன்னோடு வீட்டில் நின்றுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வளவில் ஒரு கொட்டில் போட்டு, சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தாள். பூவரசங்குளத்தில் அவளிடம் படிக்காத பிள்ளைகள் குறைவு. எல்லோரும் அவளிடம் வந்தார்கள். அவள் ஒருவரிடமும் போகவில்லை.

சென்ற ஆண்டு வவுனியாவில் உள்ள மாற்றுத்திறனாளிகள் அமைப்பொன்று அவள் பெயரைச் சென்னைக்கு அனுப்பியது. அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம், முதுகெலும்பு அடிபட்டவர்களைக் கொண்டே புதிதாக அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அப்படிப் பயிற்சி கொடுப்பவர்களை உருவாக்க ஆறு கிழமை வகுப்பு. உதவிக்கு ஆள் கூட்டிவரக் கூடாது, அவரவர் சொந்தச் சக்கரக் கதிரையில் வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கடிதத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள். ஆள் இல்லாமல் என்ற இடத்தில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது.

கதிரைக்கு அமைப்பும், வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய பழைய மாணவர்களும் பொறுப்பெடுத்தார்கள். தெரிந்தெடுப்பதை அவளிடம் விட்டார்கள். அவள் ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். ஞானேஸ்வரியிடம் தையல் நாடாவைக் கொடுத்துக் குளியலறை வாசலை அளப்பித்தாள். ஓட்டோவின் பின் இருக்கையை அளப்பித்தாள். தெரிந்த ஓட்டோக்காரரிடம் ஒரு கையால் எவ்வளவு பாரம் தூக்குவார் என்று கேட்டாள். கொழும்புக் கடைக்காரர் வீடியோவில் கதிரைகளை மடித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் பாரம் குறைந்தது காபன் சட்டம் போட்டது. ஆனால் அதன் பற்றரி சட்டத்துக்குள்ளேயே பூட்டியிருந்தது, கழற்ற முடியாது. விமானத்தில் மோட்டார்க் கதிரை கீழே சாமான்களோடு போகும், லித்தியம் பற்றரியைக் கழற்றிக் கையில் கொண்டுபோக வேண்டும், அதுவும் முந்நூறு வோற்-மணிக்கு மேற்படக் கூடாது. இதையெல்லாம் அவள் விமான நிறுவனத்தின் பக்கத்தில் வாசித்துக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். நான்கு கிலோ கூடினாலும் பரவாயில்லை என்று, பற்றரி கழலும் அலுமினியக் கதிரையைத் தெரிந்தெடுத்தாள். இருபத்துநான்கு வோல்ற், பத்து ஆம்பியர்-மணி. பெருக்கினால் இருநூற்று நாற்பது வோற்-மணி.

கோகுலனுக்கு அது பிடிக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது தடித்த ரயர் போட்ட இன்னொன்று. வயல் வரம்பிலும் ஓடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அது ஐம்பது கிலோ, மடியாது, பறக்காது என்று அவள் சொன்னாள். பறப்பது ஒருநாள், இங்கே இருப்பது காலம் முழுக்க என்று அவன் சொன்னான். அவன் சொன்னதிலும் பிழையில்லை. ஆனாலும் அவள் தான் தெரிந்தெடுத்ததையே எடுப்பித்தாள்.

கதிரை வந்தது. படியில் பலகைச் சரிவு போட்டார்கள். மணலுக்கு மேல் கல் பதித்துக் கேற் வரைக்கும் ஒரு பாதை கோகுலனே செய்தான். கைப்பிடியில் உள்ள சின்னத் தடியை முன்னுக்குத் தள்ளியதும் கதிரை போனது. விட்டதும் நின்றது. முதல் நாள் கேற்றுக்கும் வாசலுக்கும் இடையில் பதினொரு தரம் போய் வந்தாள்.

மூன்றாவது கிழமை தனியாகச் சந்திக் கடைக்குப் போனாள். கொப்பியும் பேனையும் வாங்கினாள். திரும்பி வரும்போது தார் றோட்டை விட்டுக் குளக்கட்டுப் பக்கத்துக் கிரவல் பாதையால் வந்தாள். அதுதான் பிழை. இளகிய கிரவலில் மோட்டார் திணறியது. பச்சை வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. இந்தக் கதிரையின் சக்கரங்கள் சின்னவை, கையால் உருட்ட வளையமும் இல்லை. பழைய இரும்புக் கதிரையிலாவது ஒரு முழம் நகரலாம். நேரம் பன்னிரண்டு. கோகுலன் உழவில் நின்றான், போனை எடுக்கவில்லை. அவள் கொப்பியால் தலையை மூடிக்கொண்டு வெட்டவெளியில் ஒரு மணித்தியாலம் இருந்தாள். மீன் விற்கிற ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கண்டு, வயலுக்குப் போய்ச் சொன்னார். கோகுலன் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து அவளையும் கதிரையையும் ஏற்றினான்.

அந்தக் கிழமையே, சேர்விஸ் பண்ணுவம் என்று கதிரையை வவுனியாவுக்குக் கொண்டுபோனான். பின்னேரம் கொண்டுவந்து விட்டான். அதற்குப் பிறகு பச்சை வெளிச்சம் இலேசில் இறங்கவில்லை. சேர்விஸ் நல்லாய்ச் செய்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். பற்றரி இருக்கைக்குக் கீழே துணி உறைக்குள் இருந்தது. அதன் மேல்தான் அவள் இருந்தாள். குனிந்து பார்க்க அவளால் ஏலாது. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பலாலி விமான நிலையத்தில் இருந்து சென்னைக்குப் பகல் விமானம். காலையில் ஒரு வான் பிடித்துப் புறப்பட்டார்கள். வழியில் மலசலகூடத்துக்கு இறங்க ஏலாது என்று முதல் நாள் மத்தியானத்தில் இருந்தே அவள் தண்ணீரைக் குறைத்துவிட்டாள். வாய் உலர்ந்திருந்தது. கோகுலன் வழியெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு வந்தான். எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள்.

உள்ளே கவுண்டரில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தனுஷா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. மரியாதையாகக் கதைத்தாள். நிசாந்தினி முன்கூட்டியே அனுப்பிய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டுப் பற்றரியைக் கழற்றச் சொன்னாள். அவர் உறையைத் திறந்து எடுத்து மேசையில் வைத்தார். தனுஷா அதில் ஒட்டியிருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள் அனுப்பினதில இருநூற்று நாப்பது எண்டு கிடக்கு. இதில வேற இலக்கம் போட்டிருக்கு."

நிசாந்தினி வாசிக்கச் சொன்னாள். இருபத்துநான்கு வோல்ற், இருபது ஆம்பியர்-மணி என்று தனுஷா வாசித்தாள். நிசாந்தினிக்குப் பெருக்கத் தேவையிருக்கவில்லை. நானூற்று எண்பது. வாசித்தது பிழையாக இருக்கலாம் என்று பற்றரியைத் தன் மடியில் வைக்கச் சொல்லித் தானே பார்த்தாள். அது அவளுடைய பற்றரி அல்ல. அதைவிடத் தடிப்பம், அதைவிடப் பாரம்.

இதை விமானத்தில் ஏற்ற ஏலாது என்று தனுஷா சொன்னாள். மேலதிகாரி ஒருவரும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். அவர்களில் ஒரு பிழையும் இல்லை. அந்த விதியை அவள் தன் கையாலேயே கொப்பியில் எழுதியிருந்தாள்.

வாசலில் நின்ற கோகுலனை உள்ளே வர விட்டார்கள். அவன் வந்ததும் அவளைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தான்.

"நான்தான் மாத்தினனான்" என்றான்.

"ஏன் அண்ணா?"

"நீ அண்டைக்கு அந்த வெய்யிலுக்க இருந்ததைக் கண்டவன் நான்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டால் வேண்டாம் எண்டுவாய்."

பழைய பற்றரி எங்கே என்று கேட்டாள். வீட்டில், அலுமாரிக்கு மேல் என்றான். பூவரசங்குளம் போய்வர ஆறு மணித்தியாலம் வேண்டும். விமானத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. வகுப்பு மறுநாள் காலை தொடங்குகிறது. தன் உடம்பைப் பற்றி யாரோ எங்கேயோ எடுத்த முடிவுக்குள் தான் இருந்துகொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். அதை எடுத்தவன் அவளை வெறுக்கிறவனாய் இருந்திருந்தால் ஏசியிருக்கலாம். இவனை எப்படி ஏசுவது?

"வா, வீட்ட போவம்" என்றான் கோகுலன். "அவையளோட கதைச்சு அடுத்த முறைக்குக் கேப்பம்." சொல்லும்போதே அவன் கைகள் பழக்கத்தில் கதிரையின் பின்பிடியைப் பிடித்துத் திருப்பத் தொடங்கிவிட்டன. கவுண்டர் அவள் கண்ணில் இருந்து விலகி, வாசல் கதவு முன்னுக்கு வந்தது.

"கையை எடுங்கோ அண்ணா."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பதினாறு வருடத்தில் அப்படி ஒரு சொல்லை அவன் அவளிடம் கேட்டதில்லை. கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

பற்றரி இல்லாமல் கதிரையை ஏற்றுங்கோ என்று தனுஷாவிடம் சொன்னாள். அங்கே இறங்கினால் அது ஓடாது, யாராவது தள்ள வேண்டி வரும் என்று தனுஷா எச்சரித்தாள். தெரியும் என்றாள் நிசாந்தினி.

அவளை ஒடுங்கிய கதிரையொன்றுக்கு மாற்றினார்கள். நெஞ்சில் ஒரு பட்டி, இடுப்பில் ஒரு பட்டி, காலில் ஒரு பட்டி. கைகளைக் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு பேர் அவளைப் பின்பக்கமாகப் படியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு படிக்கும் நிலம் கீழே இறங்கிக்கொண்டு போனது. அவளால் விரலை மட்டும் அசைக்க முடிந்தது. விழுந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். ஒன்றும் செய்ய ஏலாது என்று விளங்கியது.

யன்னலோரம் இருத்தினார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் தோல் பையை அவள் பாதத்தின் மேல் வைத்துவிட்டு நித்திரையானார். அவளுக்குப் பாரம் தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் அப்படி இருந்தால் தோல் சிவந்து புண்ணாகலாம், புண் ஆற மூன்று மாதம் எடுக்கலாம். தட்டி எழுப்பி எடுக்கச் சொன்னாள். அவர் நோகுதா என்று கேட்டு வருத்தப்பட்டார். நோகவில்லை என்று சொன்னதும் குழம்பினார். விளங்கப்படுத்த அவளுக்குத் தெம்பில்லை. கீழே கடல் தெரிந்தது. பறப்பது வேறு மாதிரி இருக்கும் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சென்னையில் ஒருவர் வந்து விமான நிலையத்துக் கதிரையில் அவளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். ஒரு தூணைப் பார்க்க நிறுத்தி, பிறேக்கைப் பூட்டி, பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு, "உக்காந்திருங்கம்மா, வந்துடுறேன்" என்று போனார். முக்கால் மணித்தியாலம் அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மேலிருந்து கீழாக எத்தனை ஆணி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள்.

கடைசியில் அவர் அவளுடைய கதிரையோடு வந்தார். மறுவாழ்வு நிலையத்துச் சாரதி வெளியே காத்திருந்தார். அவருடைய போனை வாங்கி அண்ணனுக்கு எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"வந்து சேந்திட்டன். வீட்ட போயிட்டீங்களோ?"

"இல்லை. இஞ்சதான், வெளியில மரத்தடியில நிக்கிறன்."

"இவ்வளவு நேரமுமோ?"

"திருப்பி அனுப்பிச்சினம் எண்டால் ஆள் வேணுமெல்லோ." பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் நல்லதுக்குத்தான் நிசா."

"எனக்குத் தெரியும் அண்ணா. அதுதான் எனக்குப் பயம். இனிமேல் என்ர விசயத்தில என்னைக் கேக்காமல் ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லுவன் எண்டாலும் கேளுங்கோ."

"ஓம்" என்றான் அவன். சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

நிலையத்தார் சொல்லிவைத்த பொருத்தமான பற்றரி வர ஐந்து நாள் எடுத்தது. அந்த ஐந்து நாளும் காலையில் யாராவது தள்ளிக்கொண்டு வந்து வகுப்பில் விட்டார்கள், பின்னேரம் தள்ளிக்கொண்டு போய் அறையில் விட்டார்கள். மூன்றாம் நாள், அறையில் கூட இருந்த ஒருத்தி வெளியே போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போக, நிசாந்தினி கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இருந்து வாய்விட்டு அழுதாள். வந்தது பிழையோ என்றும் நினைத்தாள்.

ஆறாம் நாள் பற்றரி வந்தது. பூட்டுவதற்கு முன் மடியில் வாங்கி, ஒட்டியிருந்த தாளை வாசித்தாள். சரியாக இருந்தது. அன்று பின்னேரம் ஒருவரிடமும் சொல்லாமல் கேற்றைத் தாண்டி வெளியே வந்தாள். முன்னால் பெருந்தெரு. பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு கடை தெரிந்தது. கடக்க வழியில்லை. அரை மணித்தியாலம் விளிம்பில் நின்று பார்த்தாள். ஒருவர் வந்து தள்ளி விடவா என்று கேட்டார். வேண்டாம், நான் சும்மா நிற்கிறேன் என்றாள்.

பிறகு தானே திருப்பிக்கொண்டு உள்ளே வந்தாள். அடுத்த நாள், வகுப்பில் கூட இருந்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, மூன்று கதிரையாகக் கையை உயர்த்திக்கொண்டு தெருவைக் கடந்தாள். எதிர்ப்பக்கத்துக் கடையில் அவள் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாள்.