பெயர் வைக்காத கடுவன்

குகதாசனுக்கு அந்த வருசம் ஏழரைச் சனி. ஊரிலே சாத்திரியார் கணக்குப் பார்த்துச் சொல்ல, மாமி கொழும்புக்கு வந்த நேரம் அதை டெலிபோனில் அழுதழுது சொன்னா. சனி பிடித்தது என்னவோ குகதாசனைத்தான். பட்டினி கிடந்தது அவன் மனுசி சிவமலர்.

புரட்டாதிச் சனிக்கிழமை என்றால் அவளுக்குக் கடும் விரதம். விடியத் தலைமுழுகி, மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு நடந்துபோய் எள்ளெண்ணெய் எரித்து, திரும்பி வந்து சோறு கறி பாயசம் எல்லாம் சமைத்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் காகத்துக்கு வைப்பாள். காகம் சனீஸ்வரனின் வாகனம் அல்லவா? அது வந்து கொத்தின பிறகுதான் அவள் ஒரு வாய் சாப்பிடலாம். அதுவரைக்கும் பச்சைத் தண்ணீர்தான்.

நல்ல சட்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தை லண்டன் காகத்துக்கு ஆர் போய்ச் சொல்லுவது? ஊர்க் காகம் அகப்பைச் சத்தம் கேட்டாலே கூரையில் வந்து குந்தும். இங்கேயுள்ளதுகள் குளிர் தொடங்கினால் போதும், ஓக் மரத்துக்குக் கீழே கொட்டிக் கிடக்கிற கொட்டைகளைத் தேடி வான்ஸ்டெட் வெளிக்குப் போய்விடும். சிவமலர் பின்வளவில் நின்று தொண்டை கிழியக் "கா... கா..." என்று கூப்பிடுவாள். பக்கத்து வீட்டு ஹாரிஸ் கிழவர் யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பார். காகம் வராது. வந்தது ஒரு கடுவன் பூனை.

அந்தக் கடுவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பலகை வேலி. வேலிக்கு அங்கால் ரயில் பாதை மேடு, முழுக்க பிளாக்பெரி முட்பற்றை. அந்தப் பற்றைக்குள் ஒருத்தருக்கும் சொந்தமில்லாத பூனைகள் எத்தனையோ தலைமுறையாய்க் குடியிருந்தன. காலைச் சுற்றிக் குழைகிற சாதி இல்லை. மனுசவாடை பட்டாலே மறைந்துவிடும். அதுகளுக்குள் பெரியவன் இவன். மண் நிறத்தில் கறுப்பு வரி, தடித்த கழுத்து, இடக்காதில் ஒரு துண்டு காணாது.

குகதாசனுக்கு பெற்றோல் செட்டில் இரவு வேலை. முதலாளி கல்யாணசுந்தரத்திடம் இரவு முழுக்க ஏச்சு வாங்கிக்கொண்டு விடிய வீட்டுக்கு வந்தால், படுக்கப் போக மாட்டான். தேத்தண்ணிக் கோப்பையோடு பின்படியில் வந்து இருப்பான். இந்தக் குளிர்தேசத்தில் அவனுக்குப் பிடித்தது இந்த இலை உதிர்கிற மாதங்கள் மட்டும்தான். தண்டவாளத்துக்கு மேலே பனிப்புகார் எழும்பி நிற்கும். வேலி நீளத்துக்குச் சிலந்திவலைகள் பனியில் நனைந்து தொங்கும். வெயில் ஏறும்போது சைக்கமோர் மரம் மஞ்சளாய் எரிகிற மாதிரி நிற்கும். காற்றே இல்லாமல் ஒரு இலை தானாய்க் கழன்று, ஆடி ஆடி, ஒரு அவசரமும் இல்லாமல் கீழே வரும். ஈர இலையும் பழுத்த பிளாக்பெரியும் கலந்த அந்த வாசத்துக்காகவே அவன் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு இருந்தான். ஒருநாள் சிவமலர், "உதிலை என்னப்பா கிடக்கு, குப்பைதானே?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கடுவன் வேட்டைக்கு வருவான். மேட்டிலே குவிந்த இலைகளுக்குள் ஒரு கால் தூக்கினபடி நிற்பான். அசைவே இல்லை. காது மட்டும் திரும்பும், இலைக்கு அடியில் எலி ஓடுகிற சத்தத்துக்கு. பிறகு ஒரு பாய்ச்சல்! அம்மாடி, பாய்ச்சல் என்றால் அதுதான் பாய்ச்சல். இலைகள் சிதறிப் பறக்கும், நடுவிலே எலியை வாயில் கவ்விக்கொண்டு நிமிர்ந்து நிற்பான் துரை. குகதாசனுக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். எசமான் இல்லாமல், ஏச்சு வாங்காமல், ஒருத்தனிடமும் கை ஏந்தாமல் இந்த லண்டனில் வாழுகிற ஒரு சீவன்! அதனால்தான் அவன் அதைக் கூப்பிடுவதில்லை, தீன் வைப்பதில்லை, பெயரும் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அது வீட்டுப் பூனையாய்ப் போய்விடும் என்பது அவன் எண்ணம்.

அப்படிப்பட்ட கடுவன், முதல் சனிக்கிழமை காகத்துக்கு வைத்த சோற்றை நக்கிவிட்டுப் போனான். இரண்டாம் சனி நெய்யும் தயிரும் கலந்த சோற்றை வழித்துத் துடைத்தான். மூன்றாம் சனி சிவமலர் "கா" என்று வாயைத் திறக்க முன்னமே வாலை நிமிர்த்திக்கொண்டு வேலி பாய்ந்து ஓடி வந்தான். குகதாசன் தேத்தண்ணிக் கோப்பையைப் படியில் அடித்து வைத்தான்.

"என்ன வேலையப்பா பார்த்து வைச்சிருக்கிறீர்? வேட்டையாடித் திண்ட சாமானைப் பருப்புச் சோத்துக்குப் பழக்கிப்போட்டீரே!"

"நானோ பழக்கினனான்? நான் காகத்தைக் கூப்பிட, உங்கட கண்டறியாத பூனை வருது. அது நிண்டால் காகம் எப்பிடி வரும்? நான் பின்னேரம் வரைக்கும் பட்டினி. அதையும் உங்களுக்காகத்தான் கிடக்கிறன், ஞாபகம் இருக்கட்டும்!"

குகதாசன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. குகதாசன் வேலையால் வந்து பின்கதவைத் திறந்தால், ஹாரிஸ் கிழவர் வளவில் ஒரு தடியன் கவிழ்த்த வாளியில் குந்தியிருக்கிறான். கையில் முழங்கை வரைக்கும் தோலுறை, பக்கத்தில் நீளப் பிடிபோட்ட வலை. மேட்டிலே பற்றை ஓரமாய்க் கம்பிக் கூடுகள், உள்ளே இரையாய்த் தகரத்தில் அடைத்த ரின்மீன். இரண்டு கூட்டில் ஏற்கெனவே பூனைகள் அகப்பட்டு, சீறிக்கொண்டு கிடந்தன. கடுவன் இல்லை. குகதாசனுக்கு மூச்சு வந்தது.

வேலிக்கு மேலால் எட்டி விசாரித்தான். கிழவருடைய லீக்ஸ் பாத்தியில் பூனைகள் கிண்டி அசிங்கம் பண்ணுகின்றனவாம், அவர்தான் ஆள் பிடித்தாராம். பிடித்து என்ன செய்வாய் என்று கேட்டான். சொந்தக்காரன் இருந்தால் விட்டுவிடுவோம், ஒருத்தருக்கும் சொந்தமில்லாததுக்கு ஊசிதான் என்று அவன் இங்கிலீசில் சாவகாசமாய்ச் சொல்லி, பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி வார்த்தான். வரிக் கடுவன் ஒன்று மிச்சமிருக்கு, அது கள்ளன், கூட்டுக்குக் கிட்ட வருகுதில்லை, இருட்டும் மட்டும் இருந்து பார்க்கப் போறன் என்றும் சொன்னான்.

குகதாசன் உள்ளே ஓடினான். சிவமலர் வெள்ளி நிறப் பொயில் பேப்பரில் சோற்றைப் படைத்து எடுத்துக்கொண்டு பின்கதவுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சேர், இண்டைக்குக் கூப்பிடாதையும்! உம்மட சத்தம் கேட்டால் அது நேரே ஓடி வரும். வெளியிலை வலையோட நிக்கிறான், கொண்டுபோய்ச் சாக்காட்டிப் போடுவான்!"

"கூப்பிடாமல்? நான் எப்ப சாப்பிடுறது?"

"அவன் போகட்டும்."

"அவன் எப்ப போவான்?"

"இருட்டினாப் பிறகு."

"இருட்டினாப் பிறகு எந்தக் காகமப்பா வரும்?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கடைசிச் சனி. இண்டைக்குக் குழம்பினால் முந்தின விரதமெல்லாம் வீண். உங்களுக்கு நான் பெரிசோ, அந்தப் பூனை பெரிசோ?"

என்ன கேள்வி பார்த்தீர்களா? எந்த மறுமொழி சொன்னாலும் அடி விழுகிற கேள்வி. குகதாசன் சோற்றைப் பறித்துக்கொண்டு முன்பக்கத்துக்குப் போனான். நடுத்தெருவில் நின்று, வெட்கத்தை விட்டு, "கா... கா..." என்று கத்தினான். பஸ் தரிப்பில் நின்ற சனம் ஒதுங்கி நின்றது. வந்தது புறாக் கூட்டம். கூட்டமென்றால் கொஞ்சமா? நெய்ச்சோறு, கத்தரிக்காய், அப்பளம், எல்லாவற்றையும் ஒரு நிமிசத்தில் முடித்துவிட்டு அவன் சப்பாத்திலும் எச்சம் போட்டுவிட்டுப் பறந்தன. சனி பிடித்தவனுக்கு எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

மத்தியானம் திரும்பியது. தடியன் அசையவில்லை. சிவமலர் பின்படியில் தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு இருந்தாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. ஒரு வாய் தேத்தண்ணி குடியும் என்று அவன் கெஞ்ச, தலையை மட்டும் ஆட்டினாள். கோபமாவது பட்டிருக்கலாம், அதுவும் இல்லை. கடைசியில் அவனே எழும்பி, இரண்டாவது தரமும் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"கூப்பிடும்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். "பூனை?"

"கூப்பிடும் எண்டு சொல்லுறன்!"

அவள் கூப்பிட்டாள். அதைச் சத்தமென்று சொல்ல ஏலாது, அவ்வளவு மெதுவாய்த்தான் கூப்பிட்டாள். ஆனால் கேட்க வேண்டியவனுக்குக் கேட்டுவிட்டது. முட்பற்றை அசைந்தது. வேலியில் ஏறினான், வளவில் குதித்தான், வாலை நிமிர்த்திக்கொண்டு சோற்றை நோக்கி வந்தான். விடியத் தொடக்கம் ஒரு கூட்டுக்கும் அகப்படாத அந்தக் கள்ளன், பட்டப்பகலில், மூன்று மனுசருக்கு நடுவே, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தான். தடியன் வலையோடு வேலிக்கு மேலால் காலைப் போட்டான்.

"அது என்ர பூனை!" என்று குகதாசன் கத்தினான்.

தடியன் நின்றான். உன்னுடையதா? பேர் என்ன?

பேர்! வருசக் கணக்காய் வைக்காத பேர். வாயில் வந்தது அவன் தினமும் பயந்து நடுங்கிச் சொல்லுகிற ஒரே பேர்தான். "கல்யாணசுந்தரம்."

முதலாளியின் பேர் தடியனுக்கு வாயில் நுழையவில்லை. தலையைச் சொறிந்தான். உன்னுடையது என்றால் தூக்கு பார்ப்போம் என்றான்.

குகதாசன் அதுவரைக்கும் அந்தப் பூனையை ஒரு விரலாலும் தொட்டதில்லை. குனிந்தான். சோற்றுக்குள் முகத்தை வைத்திருந்த கடுவனை இரண்டு கையாலும் அள்ளினான். ஐயோ, அதைப் பூனையென்று ஆர் சொன்னது? பின்கால் நகம் நெஞ்சிலே கீறியது, பல் பெருவிரலில் இறங்கியது, கழுத்து, தாடை, காது ஒன்றும் மிச்சமில்லை. இரத்தம் சொட்டச் சொட்ட அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். "விளையாடுறான்," என்றான் இங்கிலீசில். "எப்பவும் இப்படித்தான்."

தடியன் நம்பவில்லை. நம்பாவிட்டாலும், இரத்தம் வடிய வடிய விடாமல் பிடித்திருக்கிறவனிடமிருந்து பறிக்க அவனுக்கும் மனம் வரவில்லை. கழுத்துப்பட்டி கட்டு, அடுத்த சனி வருவன், பட்டி இல்லாமல் கண்டால் கொண்டுபோவன் என்று சொல்லிக் காலை எடுத்தான்.

குகதாசன் பூனையோடு குசினிக்குள் பாய்ந்து காலால் கதவைச் சாத்தினான். பிடி நழுவிப்போயிற்று. அடுப்படியில் ஏறின கடுவன் சோற்றுப் பானைக்குள் ஒரு கால், பாயசத்துக்குள் ஒரு கால் என்று ஓடி, பருப்புச் சட்டியைத் தட்டி விழுத்தி, சுவரில் ஏறி, யன்னல் கண்ணாடியில் மோதி விழுந்து மறுபடி ஏறினான். பயத்தில் அவனுடைய கண் முழுக்கக் கறுப்பாயிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த பிறகுதான் குகதாசனுக்குத் தான் செய்த வேலை விளங்கியது.

வெளியிலிருந்து சிவமலர் சத்தம் போட்டாள். "இஞ்சேருங்கோ! காகம் கொத்திட்டுது! காகம் வந்து கொத்திட்டுது!"

கொத்திவிட்டது, சரி. இனி அவள் சாப்பிடலாம். சாப்பிட என்ன மிச்சமிருந்தது? அந்த வீட்டில் பூனை கால் வைக்காத ஒரு சட்டியும் இல்லை. குகதாசன் யன்னலைத் திறந்தான். கடுவன் ஒரே பாய்ச்சலில் வெளியே போய், வேலி தாண்டி மறைந்தான். அன்று இரண்டு பேரும் குசினி நிலத்தில் இருந்து வெறும் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். அவனுடைய கை முழுக்க டெற்றோல் போட்டுத் துடைத்துக்கொண்டே, "விசர் மனுசன், விசர் மனுசன்" என்று சிவமலர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனி தடியன் வந்தான். கூடு வைத்தான், வாளியில் குந்தினான், இருட்டும் மட்டும் இருந்தான். கடுவன் ஒருத்தருக்கும் கிட்ட வரவில்லை. மனுசக் கை எப்படி இருக்கும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். தடியன் வெறும் கூடுகளைத் தூக்கிக்கொண்டு ஏசிக்கொண்டு போனான், பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. குகதாசன் கேட்டது இதுதானே? கடுவன் தப்பிவிட்டான், பழையபடி காட்டுப் பூனையாகிவிட்டான். சந்தோசப்பட வேண்டியதுதானே?

கார்த்திகை பிறக்க இரண்டு நாள் இருக்க, மரம் முழுக்க உதிர்ந்து முடிந்த ஒரு விடியற்காலை, தேத்தண்ணியோடு பின்படிக்கு வந்தவன் கடுவனைக் கண்டான். மேட்டிலே, இலைக்குவியலில், ஒரு துண்டு வெயிலில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தான். குகதாசன் மெல்ல உள்ளே போய் ஒரு ரின்மீனை உடைத்துக் கொண்டுவந்தான். வேலியடிக்குப் போனான். ஆரும் பார்க்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "கா..." என்றான். "கா... கா..."

கடுவன் தலையை நிமிர்த்தினான். அவனை நன்றாய்ப் பார்த்தான். கீறல் தழும்பு மாறாத அந்தக் கையையும் பார்த்தான். எழும்பி, அவசரப்படாமல், பற்றைக்குள் போனான்.

"போ, துலைஞ்சு போ!" என்று குகதாசன் கத்தினான். "உன்னை ஆரடா கூப்பிட்டது?" மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒருதரம் கூப்பிட்டான்.