நாலெழுத்துப் பொருத்தம்

என் சகலைக்கு வந்த வாழ்வைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், குளியலறை டைல்ஸ் விற்கும் கடையில் சேல்ஸ்மேன். நாலு வருஷத்துக்கு முன்பு யார் பேச்சையோ கேட்டுக் கொஞ்சம் கிரிப்டோ வாங்கிப் போட்டார். அது கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் அவருக்கு சோபா, எனக்கு பீரோப் பூட்டு. கொஞ்சம் இறுகுகிறது பாருங்கள் மாப்பிள்ளை என்பார் மாமனார். நான் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்ற, தலைக்கு மேலே சகலை உலகப் பொருளாதாரம் பேசுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு சோபாவில் இருந்தபடியே, கிரிப்டோவைப் பூட்டி வைத்திருக்கும் தன் வாலட்டின் முகவரியை அவர் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டார். நாற்பது எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வால் அது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம், ஆனால் அவரிடம் இருக்கும் ரகசியச் சாவி இல்லாமல் ஒருவரும் திறக்க முடியாதாம்.

"உலகத்துலயே இது மாதிரி இன்னொண்ணு வராது, சகலை" என்றார்.

அதற்கு என் மனைவி "அப்படியா!" என்று வாயைப் பிளந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து அவள் அப்படி ஒருமுறை வாயைப் பிளந்ததில்லை. பீரோப் பூட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடலாமா என்றிருந்தது.

நான் சாவி வெட்டுகிறவன். இன்னொன்று வராது என்கிற பேச்சையெல்லாம் என்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. மலிவுப் பூட்டு ஒரு பெட்டி வாங்கினால், அதில் குறைந்தது இரண்டு பூட்டு ஒரே சாவிக்குத் திறக்கும். உள்ளே இருப்பது நாலைந்து பித்தளைக் குச்சிகள்தான். அவற்றின் உயரத்தை எத்தனை தினுசாகத்தான் மாற்ற முடியும்? ஒருத்தர் ஸ்கூட்டர் சாவியால் அடுத்தவர் ஸ்கூட்டர் ஜோராகக் கிளம்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். பூட்டென்று ஒன்று இருந்தால் அதற்குத் தெரியாமல் எங்கோ ஒரு இரட்டைப் பிள்ளை இருக்கும்.

அதனால் நானும் வாலட் செயலியை இறக்கினேன். புதிய வாலட் என்று ஒரு பொத்தான். அமுக்கினால் ஒரு முகவரியும் அதற்கான சாவியும் வரும். சகலையுடையதோடு ஒத்துப்பார்ப்பேன், இல்லையென்றால் மறுபடி அமுக்குவேன். இரண்டு முகவரியும் ஒன்றேயாக வந்துவிட்டால் என் சாவி அவர் வாலட்டைத் திறக்கும். திறந்து என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதும் பொய்தான். அந்த சோபாவில் அவர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பதை ஆசை ஆசையாக நினைத்துப் பார்ப்பேன்.

கடையில் ஆள் வராத நேரமெல்லாம் அமுக்கினேன். ஒரு நாளைக்கு எழுநூறு தடவை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மனைவி தலையைத் தூக்கினால் போனைக் கவிழ்த்துவிடுவேன். முதல் இரண்டு எழுத்து ஒத்துப்போனால் எனக்குச் சிரிப்பு வரும், மூன்று ஒத்துப்போனால் பாட்டே வரும். அவள் சாப்பாட்டுத் தட்டை முன்னைவிடச் சத்தமாக வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், முதல் நாலு எழுத்தும் அச்சாக வந்து நின்றன. அடுத்த கடையில் மொபைல் ரிப்பேர் செய்யும் மூக்குக்கண்ணாடிக்காரரிடம் ஓடினேன். யாருடைய முகவரி, எதற்காக என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நாலு எழுத்துக்கு மூணு மாசமா? ஒவ்வொரு எழுத்துக்கும் பதினாறு மடங்குங்க. அஞ்சாவது வர நாலு வருஷம். ஆறாவதுக்கு அறுபத்திநாலு. ஏழாவதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல. உங்களுக்கு நாப்பது வேணும். மீதி முப்பத்திமூணுக்கு நான் கணக்குப் போட்டா, சூரியனே அணைஞ்சிரும்."

அவர் சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். திரும்பினேன். பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கடைக்குத் திரும்பி வந்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எவளோ ஒருத்திகூட பேசறீங்கன்னுதான் பின்னாடியே வந்தேன். அப்படி இருந்திருந்தாகூட சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்."

நான் விளையாட்டுக்குத்தான் என்று ஏதோ உளறினேன்.

"ஊர் வீட்டுச் சாவியெல்லாம் உங்க கை வழியாத்தான் போகுது. நீங்க மெஷின் பக்கம் திரும்பினா நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்ல. பார்க்கணும்னே தோணினதில்லைங்க."

அது உண்மை. எங்கள் கடையில் எந்த வீட்டுச் சாவி என்று கேட்கிற வழக்கம் கிடையாது. வெட்டும்போது பிசகிய சாவியை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே நறுக்கிப் போடுவேன். இதையெல்லாம் உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் அவள்தான். வாயைப் பிளக்கவில்லையே தவிர, சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இந்த மரமண்டைக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. செயலியை அவள் முன்னாலேயே அழித்தேன். அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சகலை கடைக்கு வந்தார். புது வீட்டுச் சாவிக்கு இரண்டு நகல் வேண்டுமாம்.

"நீங்க இருக்கும்போது நான் வேற எவன்கிட்ட குடுப்பேன், சகலை?" என்று சாவியை என் கையில் போட்டுவிட்டு, போனில் யாரிடமோ விலை பேசிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மெஷினைப் போட்டேன். கல்லா நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். பதினேழு வருஷத்தில் அவள் அங்கே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. முதல் சாவி பிசகிப்போனது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டு வெட்டினேன். பிசகியதை நறுக்கலாம் என்று கையை நீட்டுவதற்குள், அவள் அதை எடுத்துக் கட்டரில் வைத்து அழுத்தினாள். துண்டு இரண்டையும் எனக்கு நேரே வைத்தாள். பிறகு நல்ல சாவிகளை மூலச் சாவியோடு எண்ணி எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற சகலையிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.