மூலையறைக் காற்று

"புள்ள மூஞ்சிக்கு நேரா மூச்சு விடாத!" மாமியார் பாய்ந்து வந்து மூன்று வயதுப் பேரனை மருமகளின் மடியிலிருந்து பிடுங்கினாள். "இன்னிக்கு உனக்கு ரெண்டாவது நாள். நெனப்பு இருக்கா இல்லியா?"

பையனுக்கு இழுப்பு. நெஞ்சுக்குள் கீச்சு கீச்சென்று சத்தம். அதனால் அவனைச் சுண்டெலி என்பார்கள். இழுப்பு வந்தால் அம்மாவைத்தான் தேடுவான். ஆனால் மாதத்தில் நான்கு நாள் அம்மா பின்கட்டு மூலையறையில். அந்த நாட்களில் அவள் மூச்சு பட்டால் இழுப்பு கூடுமாம். யார் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. மாமியாரின் மகனும் சின்ன வயதில் இழுப்புப் பிள்ளைதான். அவனை அவள் மாமியார் இப்படித்தான் பிடுங்கினாள். வேலைக்கு மட்டும் அந்த நாட்களிலும் போகலாம். சம்பளத்துக்குத் தீட்டில்லை.

"கத்தாதீங்க, புள்ளைக்கு ஆகாது" என்றார் கூடத்து நாற்காலியில் மாமனார், சிகரெட் புகையை விட்டபடி.

மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் துணி தேய்க்கும் வேலை. அங்கே ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். ஒரு மாதம் தினமும் காலையில் ஒரு பையில் ஊத வேண்டும். மாதவிலக்குச் சுற்றில் மூச்சிலிருக்கும் வாயுக்கள் எப்படி மாறுகின்றன என்று மெஷினில் பார்க்கிறார்களாம். படித்தவர்கள் எதையும் சும்மா கேட்கமாட்டார்கள் என்று மற்றப் பெண்கள் நழுவிவிட்டார்கள். நல்ல புத்தி. இவள் மட்டும் பெயர் கொடுத்தாள். 'ஒன்றுமில்லை' என்று தாளில் வந்துவிட்டால் அத்தை வாயை அடைக்கலாம், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை. நியாயத்தைப் போய் மெஷினிடம் கேட்டாள்.

மாதம் முடிந்தது. அத்தையே காதால் கேட்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை ஆராய்ச்சிக்காரியை வீட்டுக்கே கூட்டிவந்தாள். வந்தவள் கையில் ஊதிப் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது.

"மாறத்தான் செய்யுது" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "எல்லாப் பொம்பளைக்கும் கொஞ்சம் மாறும். இவங்களுக்கு விலக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னால ஒரு வாயு லேசா ஏறியிருக்கு. வந்ததும் இறங்கிடுது. யாருக்கும் கெடுதல் இல்ல."

மாமியார் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும். "மாறுதுல்ல! நான் சொன்னா சிரிச்சீங்களே!"

மாமனாருக்கு உற்சாகம் பிறந்தது. "அந்தச் சின்ன மெஷினக் குடும்மா. ஆம்பள மூச்சு எப்படின்னு இவளுங்க பாக்கட்டும்." நெஞ்சை நிமிர்த்தி ஊதினார். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. விடாமல் கத்தியது.

"ஐயா, மருமக மூச்சுல ஏறுன அதே வாயுதான். உங்ககிட்ட பத்து மடங்கு. எல்லாம் சிகரெட்டு. பையனுக்கு இந்தப் புகைதான் ஆகாது. இனிமே வெளியில போய்ப் பிடிங்க."

மாமனார் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரிப்பேர் போலிருக்கே" என்றார். மருமகளைப் பற்றிச் சொன்னால் விஞ்ஞானம், மாமனாரைப் பற்றிச் சொன்னால் ரிப்பேர்.

ஆராய்ச்சிக்காரி போனதும் மாமியார் தீர்ப்புச் சொன்னாள். "முன்னாடி ஏழு நாளும் ஆகாதுன்னு படிச்ச பொண்ணே சொல்லிட்டா. ஏழும் நாலும் பதினொண்ணு. இனிமே பதினோரு நாள் நீ மூலையறை. உனக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு, இன்னிக்கே ஆரம்பி."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். லேத் பட்டறையில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன். "அம்மா சொல்றதுலயும் ஏதோ இருக்கு" என்றான்.

"சரி அத்தை. பதினோரு நாள் இருக்கேன்." பாயை ஒரு கையில் எடுத்தாள். மறு கையால் சுண்டெலியைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நேராக மூலையறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டாள்.

"ஏய், புள்ளைய விட்டுட்டுப் போ!"

"அவன் எங்கிட்டதான் இருப்பான். இழுப்பு கூடினா நானே தொறக்கறேன். காதை வெச்சுக் கேட்டுக்கிட்டே இருங்க அத்தை."

மாமியார் கதவைத் தட்டினாள், திட்டினாள், பிறகு காதை வைத்தாள். கீச்சு கீச்சென்று கேட்டது. "பாத்தியா!" என்றாள். சாப்பாட்டுத் தட்டு ஒருக்களித்த கதவு வழியாகப் போனது, வந்தது. அந்த அறைக்குச் சந்துப் பக்கம் திறக்கும் ஜன்னல் ஒன்று உண்டு. கூடத்துப் புகை அங்கே எட்டாது.

மறுநாள் ஞாயிறு மதியம் மாமியார் மறுபடி காதை வைத்தாள். சுண்டெலி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி கேக்குது?" என்று கூடத்திலிருந்து இருமினார் மாமனார்.

"ஒண்ணும் கேக்கல."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். இதே கதவுக்கு உள்ளே அவள் படுத்திருந்த காலத்தில், கூடத்தில் இதே புகைக்கு நடுவில் அவள் மகன் இழுத்துக்கொண்டு கிடந்தான். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கதவைத் திற என்று அவள் இப்போது சொல்லவில்லை.

மாமனார் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தார்.