ரெண்டாயிரம் வருசத்துக் குழம்பு

சகாயராணி டீச்சருக்குப் பொய் சொல்ல வராது என்று காமயகவுண்டன்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பன்னிரண்டு வருசமாகத் தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவள். அப்பேர்ப்பட்ட மனுசி அன்றைக்குக் காலையில் தேனியில் வேன் கிளம்பிச் சின்னமனூர் வருவதற்குள் ஒன்பது தடவை ‘ரெண்டாயிரம் வருசம்’ என்று சொல்லிவிட்டாள். வயலுக்கு ரெண்டாயிரம் வருசம், வாய்க்காலுக்கு ரெண்டாயிரம் வருசம், ரோட்டோரப் பருத்திப்பால் கடைக்கும் அதே ரெண்டாயிரம். கொஞ்சம் விட்டிருந்தால் வேனுக்கும் அந்த வயசையே சொல்லியிருப்பாள்.

அவளைச் சொல்லியும் குத்தமில்லை. தேக்கடிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் நம்ம பள்ளத்தாக்கைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்களே, அரை நாள் இறக்கி ஊரைச் சுற்றிக்காட்டி, இலை போட்டுச் சாப்பாடு கொடுத்தால் என்ன என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ‘பாரம்பரிய உணவுப் பயணம்’ என்று பேர்கூட வைத்துவிட்டாள். தேனியில் டிராவல்ஸ் நடத்துகிற ஈஸ்வரபாண்டி, ஒரு தடவை தானே கூட வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அவருடைய பயணப் பட்டியலில் சேர்ப்பார். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை சகாயராணி மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போய், தாளாளரின் மேசை டிராயரில் கிடக்கிற தன் ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பித் தரும்படி அவரிடம் பல்லைக் காட்ட வேண்டும்.

“சாப்பாடு எல்லா ஊர்லயும் இருக்கு டீச்சர். வரலாறு வேணும், வரலாறு” என்று ஈஸ்வரபாண்டி போனில் சொன்னார். அவ்வளவுதான், டீச்சர் வரலாற்றை அள்ளி வீச ஆரம்பித்துவிட்டாள்.

வந்திருந்த விருந்தாளி ஒரே ஒரு அம்மா. பேர் யோலாண்டா. தென் அமெரிக்காவில் பெரு நாடு, குஸ்கோ நகரம், இன்கா ராஜாக்கள் ஆண்ட ஊர். ஐம்பது வயசிருக்கும். ரெட்டைச் சடை, தலையில் தொப்பி, சிரித்த முகம். டீச்சர் இங்கிலீஷில் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அப்படி மரியாதையாகத் தலையாட்டுகிறவர்களை நம்பவே கூடாது என்பது டீச்சருக்கு அப்போது தெரியவில்லை.

சாப்பாடு காமயகவுண்டன்பட்டியில், முத்துலட்சுமியின் திராட்சைத் தோட்டத்தில். பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே பாய் விரித்திருந்தது. முத்துலட்சுமி தோட்டத்துக்காரி, கைப்பக்குவத்துக்குப் பேர் போனவள், கோபத்துக்கு அதைவிடப் பேர் போனவள். இவர்கள் போனபோது அம்மியில் நிலக்கடலைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். யோலாண்டா அம்மியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அரைக்கட்டுமா என்று கையைக் காட்டினாள். குழவியை முன்னும் பின்னும் இழுக்காமல், நிமிர்த்திப் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டினாள். கடலை நைந்துகொண்டுதான் இருந்தது.

“என்னத்தா இது, கொழவியத் தொட்டில்ல போட்டுல்ல ஆட்டுறாக!” என்று முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“எங்க வீட்டுக் கல்லுல இப்படித்தான்” என்றாள் யோலாண்டா. டீச்சர் உடனே, “எங்க அம்மிக்கு ரெண்டாயிரம் வருசம்” என்றாள். அந்த அம்மி போன மாசிக்கு உத்தமபாளையத்தில் வாங்கியது.

இலை போட்டார்கள். சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், கடலைத் துவையல். தக்காளி ரசம் சட்டியில் காத்திருந்தது. ஈஸ்வரபாண்டி சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஆரம்பிங்க என்பதுபோல் கண்ணைக் காட்டினார். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இந்த இலையில இருக்கிறது அம்புட்டும் எங்க முன்னோர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி சாப்பிட்டது.”

யோலாண்டா உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துக் காட்டினாள். “இதுவுமா?”

“அதுவும்தான்.”

“இந்தக் கடலை?”

“ரெண்டாயிரம்.”

“மிளகாய்? தக்காளி?”

“எல்லாமே” என்றாள் டீச்சர்.

யோலாண்டா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக மடக்கினாள். கிழங்கு எங்கள் மலையில் விளைந்தது, இன்காக்கள் படிப்படியாக வயல் வெட்டி நூறு வகை போட்டார்கள். கடலையும் எங்கள் பக்கத்துச் செடி. மிளகாயும் தக்காளியும் எங்கள் கண்டத்துப் பண்டம். கடைசி ஐந்நூறு வருசத்துக்குள்தான் இதெல்லாம் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது என்று நிதானமாகச் சொன்னாள்.

டீச்சருக்குக் காது அடைத்துவிட்டது. நல்லவேளை, ஈஸ்வரபாண்டிக்கு அவ்வளவு வேகமான இங்கிலீஷ் ஓடாது.

“என்ன சொல்றாக?” என்றாள் முத்துலட்சுமி.

“சாப்பாடு ருசியா இருக்காம்.”

“இன்னும் வாயிலயே வைக்கல. அதுக்குள்ள ருசி எப்பிடித் தெரிஞ்சுச்சு?” முத்துலட்சுமி கரண்டியோடு நிமிர்ந்தாள். “ருசின்னு சொல்றதுக்கு எதுக்கு வெரல மடக்கி எண்ணுறாக? ஏத்தா ராணி, என் சமையலைப் பத்தி என்னமோ சொல்லிப்புட்டாக. நீ மறைக்கிற. உண்மையச் சொல்லு, இல்ல கொழம்புச் சட்டிய உள்ள எடுத்துட்டுப் போயிருவேன்.”

சொன்னதைச் செய்கிறவள்தான் அவள். மாதாவே, என்னைக் காப்பாத்து என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, டீச்சர் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிவிட்டாள். கிழங்கு நம்முடையதில்லை, கடலை நம்முடையதில்லை, மிளகாயும் தக்காளியும் நம்முடையதில்லை. ரெண்டாயிரம் வருசம் என்றது தன்னுடைய புளுகு. சொல்லி முடித்ததும் ஈஸ்வரபாண்டியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பந்தலில் தொங்கிய திராட்சைக் குலைகளை எண்ணினாள்.

முத்துலட்சுமி வெடித்தாள். ஆனால் யோலாண்டா மேல் இல்லை.

“ரெண்டாயிரம் வருசம்னு நான் சொன்னேனா? உருளைக்கெழங்கு மூணாறு பக்கமிருந்து லாரியில வருதுன்னு அன்னைக்கே உங்கிட்டச் சொன்னேனா இல்லையா? எங்கன இருந்து வேணா வரட்டும், கொழம்பு என்னுது. அதுல எவளும் பங்கு கேக்க முடியாது. அத அவகளுக்கு அப்பிடியே இங்கிலீசுல சொல்லு.”

டீச்சர் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். யோலாண்டா கையைத் தட்டிச் சிரித்தாள். பிறகு, டீச்சரின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நானும் கைடுதான். இருபது வருசமா. கோட்டையைச் சுத்திக் காட்டிட்டு, கோழியும் சோறும் எலுமிச்சம்பழமும் வச்சு, இன்கா ராஜா சாப்பிட்ட விருந்துன்னு சொல்லுவேன். எல்லாரும் படம் எடுப்பாங்க. எங்க ராஜா அரிசியை அவர் கண்ணால பார்த்ததே இல்ல. அரிசி, கோழி, எலுமிச்சை எல்லாம் கப்பல்ல வந்தது. உங்க பக்கத்துப் பண்டம். இந்த இலையைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாப் போச்சு.”

டீச்சர் இதையும் தமிழில் சொன்னாள். முத்துலட்சுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அடி கள்ளி! நம்ம சோத்தை வச்சு அங்கன ஊரை ஏமாத்துறாளா!” என்று யோலாண்டாவின் தோளில் ஒரு போடு போட்டாள்.

சிரிக்காதவர் ஈஸ்வரபாண்டி ஒருத்தர்தான். குழம்புச் சோற்றில் பாதியை முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“டீச்சர், சாப்பாட்டுல குறையே இல்ல. லிஸ்ட்ல சேர்க்கிறேன்” என்றார். டீச்சருக்கு உயிர் வந்தது. “ஆனா அந்த ரெண்டாயிரம் வருசம் இருக்கணும். இந்தம்மா மாதிரி தெரிஞ்சவக லட்சத்துல ஒருத்தர் வருவாக. மத்தவகளுக்குப் பழசுன்னு சொன்னாத்தான் பிடிக்கும். கப்பல்ல வந்த கதையெல்லாம் நமக்கு வேணாம்.”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை தாளாளர் முன்னால் போய் நிற்க வேண்டாம். டீச்சர் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து ஓடி ஓடி வந்த அந்த வரி இந்தத் தடவை வர மாட்டேன் என்றது.

“முடியாது சார். இனிமே அதைச் சொன்னா எனக்கே சிரிப்பு வந்துரும். உள்ளதைத்தான் சொல்லுவேன்.”

“அப்ப லிஸ்ட்ல வராது” என்று ஈஸ்வரபாண்டி இலையை மடிக்கப் போனார்.

“யோவ் அண்ணே, கைய எடுங்க!” முத்துலட்சுமி ரசச் சட்டியோடு அவர் முன்னால் வந்து நின்றாள். “என் வீட்டுல பந்தியில உக்காந்தவுக பாதியில எந்திரிச்சதா சரித்திரமே இல்ல. ரசத்தை ஊத்தித் தின்னுட்டு அப்புறம் சண்டை போடுங்க.”

தேனியில் நாலு ஆபீஸ் நடத்துகிற மனுசன், கரண்டிக்குப் பயந்து உட்கார்ந்தார். சோற்றில் குழி பறித்தார். ரசம் இறங்கியது.

“ராணி, நீ சொல்லு. இந்தத் தக்காளி எப்பிடி வந்துச்சு?” என்றாள் முத்துலட்சுமி.

போனது போகட்டும் என்று டீச்சர் சொல்ல ஆரம்பித்தாள். தனக்குத் தெரியாததை யோலாண்டாவிடம் கேட்டுச் சொன்னாள். மலையில் காடாகக் கிடந்த குட்டித் தக்காளி, அதைக் கொண்டுபோன கப்பல்காரர்கள், விசம் என்று பயந்து அதைத் தின்னாமல் அழகுக்கு வளர்த்த வெள்ளைக்காரர்கள். ராத்திரிப் பனியில் கிழங்கைப் பரப்பி உறையவைத்து, பகலில் மிதித்துத் தண்ணீர் பிழிந்து, வற்றல் மாதிரி காயவைத்து வருசக்கணக்கில் சேமித்த இன்காக்கள். “அட, பனியில வத்தலா!” என்றாள் முத்துலட்சுமி. டீச்சர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். வகுப்பில் ஒரு நாளும் அவள் இப்படிப் பேசியதில்லை. பேசப் பேச அவளுக்கே சந்தோசம் தாங்கவில்லை.

ஈஸ்வரபாண்டி ரெண்டாவது தடவை ரசம் வாங்கினார்.

“விசம்னு நெனைச்சாகளா? அப்புறம் மொத ஆளு எப்பிடித் தின்னான்?” என்றார். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று மீசையைத் தடவிக்கொண்டார். பதில் வந்ததும் அடுத்த கேள்வி கேட்டார். சோறு தீர்ந்து கை காய்ந்தது. இலையை மடிக்கிற ஞாபகம் அவருக்கு வரவே இல்லை.

முத்துலட்சுமி ஜவ்வரிசிப் பாயசத்தை ஊற்றினாள். அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

“இந்த ஜவ்வரிசி யார் ஊரு?”

டீச்சர் யோலாண்டாவைப் பார்த்தாள். யோலாண்டா டீச்சரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“தெரியல சார்” என்றாள் டீச்சர்.

ஈஸ்வரபாண்டி மீதிப் பாயசத்தையும் குடித்து முடித்தார். இடது கையால் போனை எடுத்து எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“வியாழக்கிழமை தேக்கடிக்குப் பதினோரு பேர் போறாக. இங்கன இறக்கிவிடச் சொல்றேன். அதுக்குள்ள தெரிஞ்சு வச்சுக்கோங்க, டீச்சர்.”